அந்தப் பனி எந்த வருஷத்துப் பனி?

கேள்வி: அயர்லாந்தில் ராஸ்காமன் கவுன்டியில் முதியோர் இல்லமொன்றில் செவிலியராக வேலை பார்க்கிறேன். 88 வயதுப் பெரியவர் ஒருவர், சின்ன வயதில் வேலிக்கு மேலேயே பனியில் நடந்து போனதாகவும், பக்கத்து வீட்டில் இறந்தவரை அடக்கம் செய்யப் பல நாள் ஆனதாகவும் அடிக்கடி சொல்கிறார். அதைப் பதிவு செய்து தரும்படி அவர் மகள் கேட்கிறார். வருஷம் அவருக்குச் சரியாக நினைவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அநேகமாக 1947. அந்த ஆண்டு பிப்ரவரி 24, 25 தேதிகளில் வீசிய பனிப்புயலில் உங்கள் பகுதி மோசமாகவே அடிபட்டது. வேலியை மூடிய பனி என்றதும் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு பனியும் வானத்திலிருந்து நேராக விழுந்ததல்ல. திறந்த வயல்களில் கிடந்ததைக் கிழக்குக் காற்று வாரி வந்து, இருபுறமும் மண்கரையும் புதர்வேலியுமாக இருக்கும் குறுகலான சாலைகளில் கொட்டி நிரப்பியது. சில இடங்களில் 15 அடி வரை குவிந்ததாகச் சொல்வார்கள். சாலை அடைபட்டால் சவப்பெட்டி எப்படிக் கல்லறைக்குப் போகும்?

ஆனால் பெரிய பனிகள் வேறும் உண்டு: 1962 கடைசி நாள், 1982 ஜனவரி. வயதானவர்கள் இவற்றை ஒன்றாகக் கலந்து சொல்வது சகஜம். அதனால் வருஷத்தைக் கேட்காதீர்கள், வீட்டைக் கேளுங்கள். வெளிச்சத்துக்கு விளக்கா, மின்சாரமா? கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வேலையே 1946 இறுதியில்தான் தொடங்கியது. ரொட்டிக்கு ரேஷன் இருந்ததா? அது 1947 ஜனவரியில் வந்தது. அடுப்பெரிக்கும் கரிமண் (சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து எரிப்பது) ஈரமாக இருந்ததா என்றும் கேளுங்கள். 1946-இல் மழை விடாமல் பெய்ததால் அது சரியாகக் காயவில்லை. ஹெலிகாப்டர் என்று பேச்சு போனால் அது அநேகமாக 1982. அந்தப் பனி கிழக்குக் கரைப் பக்கம்தான் கடுமை.

நினைவைச் சான்றாக ஏற்பது அந்த நாட்டுக்குப் புதிதுமல்ல. பிறப்புப் பதிவு அங்கே 1864-இல்தான் வந்தது. 1909-இல் 70 வயதினருக்கு ஓய்வூதியம் கொடுத்தபோது பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. 1839-இன் பெருங்காற்று இரவு நினைவிருக்கிறது என்று சொன்னவர்களுக்கு அதுவே வயதுச் சான்றாகப் பயன்பட்டது. எத்தனை பேர் வயதைக் கூட்டினார்களோ!

பதிவுக்கு இல்ல நிர்வாகத்தின் அனுமதியும் பெரியவரின் சம்மதமும் முதலில் வேண்டும். மகள் கேட்டது மட்டும் போதாது. போனில் பதிவு செய்தாலே போதும், டி.வி. அணைந்திருக்கட்டும். குறுக்கே பேசித் திருத்தாதீர்கள். ஊர்ப்பெயர், வயல்பெயர், யார் வீடு என்பதையெல்லாம் பிறகு மகளிடம் சரிபார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கவுன்டி நூலகத்தில் 1947 மார்ச் மாத உள்ளூர்ச் செய்தித்தாள் கிடைத்தால் அந்த இறப்பு அறிவிப்பையும் தேடலாம். பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நாட்டார் தொகுப்பு ஒன்று டூகாஸ் (duchas.ie) என்ற இணையதளத்தில் இருக்கிறது, படிக்கச் சுவையானது. ஆனால் அது 1937-39 காலத்தது, உங்கள் பெரியவரின் பனி அதில் கிடைக்காது.