ஆச்சியின் பெட்டியைப் பிரித்த பேத்திக்கு

கேள்வி: அம்மா, எனக்கு வயது 20. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம் ஒரு கிராமம். இறுதிப் பருவத்துக்குப் புகைப்படத் தொகுப்பு ஒன்று ஒப்படைக்க வேண்டும். மனித முகங்களையும் இயற்கைப் பொருள்களையும் சேர்த்து 12 படங்கள் என்று முடிவு செய்து, விடுதித் தோழிகளை வைத்து எட்டு எடுத்துவிட்டேன். செவ்வந்தி இதழ் பரப்பிய முகம், தேரி மண் பூசிய கன்னம், வாழைச் சருகு போர்த்திய தோள் என்று. பேராசிரியர் பார்த்துவிட்டு, ‘அழகாக இருக்கிறது. ஆனால் இந்த முகத்துக்கு ஏன் இந்தப் பொருள்?’ என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார். ஒரு படத்துக்குப் பழைய ஓலையின் நிறம் தேவைப்பட்டது. வீட்டில் ஆச்சி முடைந்த ஓலைப்பெட்டி இருந்தது. அதில் கிடந்த வெற்றிலை பாக்கையும் சில பழைய சாமான்களையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டு, பெட்டியைப் பிரித்துப் பயன்படுத்தினேன். ஆச்சியிடம் கேட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படம்தான் நன்றாக வந்திருக்கிறது. மாஞ்சோலைக்குப் போய்ப் பெரணியும் பாசியும் கொண்டுவந்தால் மற்ற படங்களுக்கும் ஆழம் வருமா? இலையிலேயே முகத்தை அச்சிடலாம் என்கிறார்களே, அது முடியுமா? தாத்தா பனையேறியவர், இப்போது இல்லை. அம்மாவுக்கு நான் செய்வது எதுவும் பிடிக்கவில்லை. ‘ஓலையும் நாரும் வேண்டாம் என்றுதானே உன்னைப் படிக்க அனுப்பினோம்’ என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

மாஞ்சோலைக்குப் போகாதே. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1988 முதல் காப்பகமாக இருக்கும் காடு. அங்கே பெரணியைப் பிடுங்கினால் வனத்துறை பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

முகத்தில் பூ வைத்த படங்களோடு ஆண்டுதோறும் பங்குனி, சித்திரையில் எனக்குக் கடிதங்கள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பதிலை எழுதிவிட்டுப் போய்விடலாம். உன் கடிதத்தை அப்படி ஒதுக்க முடியவில்லை. நீ கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் காரணம்: ‘ஆச்சியிடம் கேட்டேன், ஒன்றும் சொல்லவில்லை.’

எப்போது கேட்டாய்? நீ எழுதியிருக்கும் வரிசையை நீயே பார். பெட்டி இருந்தது, சாமான்களை டப்பாவில் போட்டேன், பிரித்தேன், பயன்படுத்தினேன். அதற்குப் பிறகு வருகிறது ஆச்சியிடம் கேட்ட செய்தி. முன்னால் கேட்டாயா, பிரித்த பிறகு கேட்டாயா? முன்னால் கேட்டிருந்தால், பதில் வராதபோது ஏன் காத்திருக்கவில்லை? அவருக்குச் சம்மதம் என்றால் ‘எடுத்துக்கொள் தாயி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாரா? நம் ஊர்க் கிழவிகளின் வாய் அடைத்துப் போவது எப்போது என்று எனக்குத் தெரியும். மகன் வயலை விற்று வந்து நின்றபோதும், மருமகள் அம்மியைக் கொல்லையில் உருட்டிவிட்டபோதும் அவர்கள் ஒன்றும் சொன்னதில்லை. பிள்ளை கேட்கும்போது தன் பொருளைப் பெரிதாகப் பேசுவது அசிங்கம் என்று எண்ணி வளர்ந்தவர்கள். அந்த மௌனத்தை நீ அனுமதிச் சீட்டு போல வாங்கிக்கொண்டாய். எனக்கு உன்மேல் கோபம் வருகிறது.

அடுத்தது, ‘சில பழைய சாமான்கள்’. அவை என்ன? பாக்குவெட்டியா? தாத்தாவின் சுண்ணாம்பு டப்பியா? யாரோ ஒருவருடைய கடிதமா? புகைப்படம் படிக்கிற மாணவி, பார்ப்பதையே தொழிலாகக் கற்றுக்கொள்கிறவள், கையால் எடுத்து வேறு டப்பாவில் போட்ட பொருள்களைப் பார்க்கவில்லை. பேராசிரியர் உன் படங்களில் கண்ட குறை இதுதான். அவர் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்.

ஓலைப்பெட்டி எப்படி உருவாகிறது என்று உனக்குத் தெரியாமல் இருக்காது, ஆனாலும் எழுதுகிறேன். முதிர்ந்த ஓலையில் நயமான பெட்டி முடைய வராது, குருத்து வேண்டும். அது மரத்தின் உச்சியில், விரியாமல் நிற்கும். யாராவது ஏறித்தான் வெட்டி இறக்க வேண்டும். அதை விரித்து, காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, தண்ணீர் தெளித்துப் பதமாக்கி முடைவார்கள். இனி யோசி. முடைந்தது ஆச்சி. குருத்தை இறக்கியது யார்? உன் தாத்தா பனையேறியவர் என்று கடிதத்தின் கடைசியில், பெட்டிக்குச் சம்பந்தமில்லாதது போல எழுதியிருக்கிறாய். அவர் இறக்கிய குருத்தாகவே அது இருந்திருக்கலாம். வேறு யாரேனும் இறக்கியதாகவும் இருக்கலாம். சொல்லக்கூடியவர் உன் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார், நீ கேட்கவில்லை. ‘பழைய ஓலையின் நிறம்’ என்று நீ எதை ரசித்தாயோ, அது பல ஆண்டுகளாக அந்தக் கைகள் எடுத்தும் வைத்தும் ஏறிய நிறம். அதை ஒரு விடுதித் தோழியின் முகத்துக்குப் பின்னால் திரையாகக் கட்டிவிட்டாய். அந்தப் பெண்ணுக்கும் அந்த ஓலைக்கும் என்ன உறவு?

பழைய ஓலை மடித்த இடத்தில் ஒடியும். பிரித்ததை மறுபடி முடைய முடியாது. பெட்டி போனது போனதுதான். அதற்காக நீ படிப்பை விட வேண்டாம், அழுதுகொண்டும் இருக்க வேண்டாம். பட்ட கடனை அடைக்க வேண்டும்.

எப்படி என்று சொல்கிறேன். இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போ. கேமராவை உறையிலிருந்து எடுக்காதே. ஆச்சியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ‘கேட்காமல் பிரித்துவிட்டேன், தப்பு’ என்று சொல். அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை அவர் முன்னால் வைத்து, ஒவ்வொன்றும் என்ன என்று கேள். பிறகு, உனக்குப் பெட்டி முடையச் சொல்லித் தருவாரா என்று கேள். ஊரில் குருத்து கிடைக்குமா என்று விசாரி, ஏறி இறக்குகிறவருக்குக் கூலியைப் பேரம் பேசாமல் கொடு. முதல் பெட்டி கோணலாக வரும். அது ஆச்சியின் வெற்றிலைக்குப் போகட்டும். உன் விரல் நுனி எரிகிற அன்றைக்கு, அவர் கையை எந்தப் பக்க வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்பது உனக்கே தெரிந்துவிடும்.

எட்டு முகங்களுக்குத் தோழிகளை அழைத்தாய். ஆச்சிக்கு ஆதார் அட்டையில் இருப்பதைத் தவிர ஒரு நல்ல படம் உண்டா? இல்லாவிட்டால் முதல் படம் அதுதான். அவர் விரும்பும் சேலையில், அவர் விரும்பும் இடத்தில் எடு. அதை உன் தொகுப்பில் சேர்க்கலாமா என்பதைத் தனியாகக் கேள். ‘வேண்டாம்’ என்றால் அது வீட்டுச் சுவருக்கு.

உன் அம்மாவைப் பற்றி நீ குறைபடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பனையேறியின் மகளோ மருமகளோ, அவர் பார்த்த வாழ்க்கையை நீ பார்க்கவில்லை. பதநீர்க் காலம் முழுக்கக் காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கி, பாளை சீவி, கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவி, மரத்தோடு உரசி உரசி மார்பிலும் கையிலும் காய்ப்பு விழுந்த மனிதர்கள். அந்தத் தழும்பைத் துடைத்து வளர்ந்தவருக்கு, மகள் ஓலையை ‘இயற்கைப் பொருள்’ என்று அழைத்து அழகு பார்ப்பது எப்படி இருக்கும்? அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உன் தொகுப்பில் அந்தக் காய்ப்புக்கு இடம் இல்லையென்றால், ‘வேண்டாம்’ என்று அவர் சொல்வதுதான் சரி. பழைய பனையேறிகள் ஊரில் இன்னும் இருப்பார்கள். ஏறும்போது காலில் மாட்டுகிற தளைநாரும் பாளை அருவாளும் அவர்களுடைய பரணில் கிடக்கலாம். அந்த முகத்துக்கு அந்த நார். ஏன் என்று எந்தப் பேராசிரியரும் கேட்க மாட்டார்.

ஒரு முகம், அந்த முகத்துக்குரியவர் கையால் புழங்கிய ஒரு பொருள். வேறு எதுவும் படச் சட்டகத்துக்குள் வராது என்று உனக்கு நீயே விதி வைத்துக்கொள். பத்தமடையில் கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரிழையாகக் கிழித்துப் பாய் நெய்கிற பெண்களைப் போய்ப் பார். பன்னிரண்டு வேண்டியதில்லை. ஏழு நேர்மையான படங்களைக் கொண்டு போய், பேராசிரியரிடம் காரணத்தைச் சொல்லிக் கேள். செவ்வந்தி இதழ்ப் படத்தைத் தூக்கிப் போடு. தேரி மண்ணைப் பூச வேண்டாம், அந்த மண்ணில் ஒருவரை நிற்க வைத்தாலே போதும். காலை வெயில் செம்மணலில் பட்டுத் தெறித்து, தாடைக்கு அடியில் தானாகவே சிவப்பு ஏறும். அதிகமானால் காலடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரி.

இலையில் அச்சிடுவதைக் கேட்டாய். முடியும். வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கலைஞர் பின் டான், வியட்நாம் போரில் மாண்டவர்களின் முகங்களைப் பச்சிலைகளில் வெயிலால் பதித்தார். அந்த முகங்களுக்கு ஏன் இலை என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முறை எளிது. வெயில் பட்ட இடத்தில் பச்சையம் வெளுக்கும், மறைந்த இடம் பச்சையாகவே நிற்கும். ஆகவே ஒளிபுகும் தாளில் முகத்தை, வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகிற நெகட்டிவாக அச்சிடாதே, உள்ளபடியே தெரிகிற பாசிட்டிவாக அச்சிடு. இலையின்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, நாள் கணக்கில் வெயிலில் வை. பூவரசு இலை அகலமானது, முகம் அடங்கும், ஆனாலும் நாலைந்து வகை இலையில் சோதித்துப் பார். காய்ந்த ஓலையில் பச்சையம் இல்லை, அதில் இது நடக்காது.

எனக்கு இதைவிட மஞ்சள் பிடிக்கும். தாவரச் சாற்றில் வெயிலால் படம் பதிப்பதைப் பற்றி ஜான் ஹெர்ஷல் 1842இலேயே எழுதியிருக்கிறார். மஞ்சள் தூளைச் சாராய வகைக் கரைப்பானில், மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் போதும், கரைத்துத் துணியில் வடிகட்டி, தடித்த தாளில் பூசி இருட்டில் காயவை. அதன்மேல் பாசிட்டிவை வைத்து நல்ல வெயில் காட்டினால், பட்ட இடம் வெளுக்கும். பிறகு வெங்காரக் (போராக்ஸ்) கரைசல் பட்டதும் மிச்சமிருக்கும் மஞ்சள் செம்பழுப்பாகும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்ட மஞ்சள் சிவப்பதும் இதே காரணத்தால்தான். ஸ்பிரிட் பாட்டிலை அடுப்பருகே கொண்டுபோகாதே.

ஒன்றைத் தெரிந்துகொண்டு செய். இந்தப் படங்களை முழுமையாக நிலைநிறுத்த வழி கிடையாது. வெளிச்சத்தில் வைக்க வைக்க முகம் மங்கிக்கொண்டே போகும். கல்லூரியில் ஒப்படைக்க ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள், அசலை இருட்டில் வை. தாத்தாவின் பழைய படம் ஏதாவது வீட்டில் இருந்தால் அதை இப்படி அச்சிட்டு ஆச்சியிடம் கொடுக்கலாம். மங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடு, இன்னொரு தடவை அவர் வாயடைத்துப் போகக் கூடாது.

பிரித்த ஓலை எங்கே என்று நீ எழுதவில்லை. படம் எடுத்து முடித்ததும் விடுதிக் குப்பையில் போட்டிருந்தால், சனிக்கிழமை உட்காரும்போது அதையும் மறைக்காமல் சொல். போடாமல் வைத்திருந்தால், ஒடிந்த துண்டுகள் உட்பட எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டி எடுத்துப்போய் ஆச்சி கையில் கொடு.