துணி டயாபர் ராத்திரி இரண்டு மணிக்கே ஏன் நனைகிறது?

கேள்வி: பையனுக்கு ஏழு மாசம், எட்டு கிலோ. தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். பகலில் துணி டயாபரால் எந்தத் தொந்தரவும் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் பாக்கெட் டயாபருக்குள் (பேட் செருகப் பை மாதிரி திறப்பு வைத்த துணி டயாபர்) இரண்டு மைக்ரோஃபைபர் பேட் வைத்துக் கட்டி, பால் கொடுத்து, தூளியில் போடுகிறேன். இரண்டு மணிக்குள் முதுகு வரை நனைந்து அழுகிறான். மூன்றாவது பேட் வைத்தும் அதே கதைதான். போர் தண்ணியில் பார் சோப்புப் போட்டுத் துவைத்து, கடைசியில் வாசனைக்கு சாஃப்ட்னர் ஊற்றுகிறேன். அத்தை, "ராத்திரி பாலைக் குறை, இவ்வளவு தடிமனா கட்டினா கால் வளைஞ்சிடும்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அத்தை சொன்ன இரண்டு விஷயத்தையும் முடித்துவிடலாம். பாலைக் குறைக்காதீர்கள். ஒரு வயது வரை பால்தான் பிரதான ஆகாரம். படுக்கை காய்ந்திருப்பதற்காகக் குழந்தையைக் காயப்போடக் கூடாது. காலைப் பற்றிய பயமும் வேண்டாம். பிறக்கும்போதே எல்லாக் குழந்தைகளுக்கும் கால் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும், நடக்க ஆரம்பித்த பிறகு தானாக நேராகும். டயாபர் தடிமனால் கால் வளையாது. காலை நீட்டி இறுக்கிச் சுற்றுவதுதான் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல்.

இனி டயாபர். மூன்றாவது பேட் வைத்தும் அதே நேரத்துக்கு நனைகிறது என்றால், சிக்கல் துணி போதாததில் இல்லை. அடுத்த முறை நனைந்ததும் பக்கெட்டில் எறியாமல், விளக்கைப் போட்டுப் பிரித்துப் பாருங்கள். பேட் முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஊறிச் சொட்டினால்தான் கொள்ளளவு போதவில்லை என்று அர்த்தம். நடுவில் ஊறி ஓரங்களில் காய்ந்த திட்டுகள் இருந்தால் துணி உறிஞ்ச மறுக்கிறது, அது துவைப்பதில் வந்த கோளாறு. தொடை விளிம்பில் மட்டும் ஈரக் கோடு ஓடியிருந்தால், உள்துணி எங்கோ வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. பேட்டில் இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் உள்ளங்கையால் அமுக்கினால் பொலபொலவென்று வழிகிறது என்றால் அது அழுத்தக் கசிவு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கடைசிதான் முக்கியக் காரணம், சாஃப்ட்னரும் பார் சோப்பும் துணைக்கு நிற்கின்றன.

மைக்ரோஃபைபர் வேகமாக உறிஞ்சும், சீக்கிரம் காயும். ஆனால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரிதான். அமுக்கினால் குடித்ததைக் கக்கிவிடும். பகலில் குழந்தை தவழ்வதும் புரள்வதுமாக இருக்கும், இரண்டு மணி நேரத்தில் மாற்றியும் விடுவீர்கள், அதனால் தெரிவதில்லை. தூளியில் நிலைமையே வேறு. புடவை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிறது, முட்டி மேலே போகிறது, மொத்த எடையும் பின்பக்கத்தில் இறங்குகிறது. முன்னால் போகிற சிறுநீர் முழுவதும் பள்ளமான பின்பக்கத்துக்கு ஓடி, அங்கே பேட் பிழியப்பட்டு, இடுப்பு எலாஸ்டிக்கைத் தாண்டி முதுகுக்கு ஏறுகிறது. இன்னொரு மைக்ரோஃபைபர் வைத்தால் பிழிவதற்கு இன்னொரு துணி கிடைக்கும், அவ்வளவுதான்.

தூளி விஷயத்தில் டயாபரைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. ஏழு மாசத்தில் குழந்தை புரளும், எக்கி உட்காரப் பார்க்கும். ராத்திரி யாரும் விழித்துப் பார்க்காத நேரத்தில் தூளியில் விடுவது பாதுகாப்பில்லை. தலையணையும் மெத்மெத்தென்ற போர்வையும் இல்லாத, கெட்டியான சமதளப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பாதிக் கசிவு அன்றைக்கே நின்றுவிடும். ரப்பர் ஷீட் போட்டால் அதன் மேல் ஒரு காட்டன் விரிப்பை நான்கு பக்கமும் இழுத்துச் செருகுங்கள். வெறும் ரப்பர் மேல் படுத்தால் சிறுநீர் வராவிட்டாலும் வியர்வையில் முதுகு நனையும்.

அடுத்தது, பேட்டை அடுக்கும் முறை. வேகமாக உறிஞ்சுவது மேலே, மெதுவாக உறிஞ்சினாலும் விடாமல் பிடித்துக்கொள்வது கீழே. இப்போது இருக்கும் மைக்ரோஃபைபரில் ஒன்று மட்டும் போதும், அதைப் பாக்கெட்டுக்குள் உடம்புப் பக்கம் வையுங்கள். உள்துணி இல்லாமல் நேராகத் தோலில் படும்படி வைக்காதீர்கள். தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்து வறட்டிவிடும். அதன் கீழே பேம்பூ (மூங்கில் நார்) அல்லது ஹெம்ப் (சணல் போன்ற ஒரு நார்) பேட் ஒன்று. இவை கடையிலிருந்து வந்ததும் முழுசாக உறிஞ்சாது. நாரில் இருக்கும் எண்ணெய்ப் பசை போக ஐந்தாறு முறையாவது துவைத்துக் காயவைத்த பிறகுதான் ராத்திரிக்கு நம்பலாம். வாங்கிய அன்றே கட்டிப் பார்த்துவிட்டு "வேஸ்ட்" என்று மூலையில் போடுகிறவர்கள் நிறைய.

காசு செலவழிக்க வேண்டாம் என்றால் வீட்டில் இருக்கும் பழைய காட்டன் வேட்டி போதும். பல வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனதுதான் நல்லது. பாலியஸ்டர் கலந்தது ஆகாது. 72 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளத்துக்குக் கிழியுங்கள். அகலத்தை ஆறாக மடித்தால் 12 செ.மீ. பட்டை வரும். நீளத்தைப் பாதியாக மடித்தால் 45 செ.மீ. ஆகும். ஒரு முனையில் 10 செ.மீ. திருப்பி மடியுங்கள். 35 செ.மீ. நீளமுள்ள பேட் தயார். மடித்த முனையில் 24 அடுக்கு, மற்ற இடத்தில் 12. ஆண் குழந்தைக்கு இந்தத் தடித்த முனை முன்பக்கம் வர வேண்டும். பெண் குழந்தைக்கு முனையில் மடிக்காமல், அதே துணியில் ஒரு மடிப்பை நடுவில் வரும்படி போடலாம். பகலில் நீங்கள் பக்கத்தில் இருந்து தூளியில் கொஞ்ச நேரம் தூங்க வைக்கும் சின்னக் குழந்தை என்றால், பையனோ பெண்ணோ, தடித்த பக்கம் பின்னால்தான். பெரிய துணியை மடிப்பதில் இன்னொரு லாபம், துவைக்கும்போது பிரித்துக் காயப்போடலாம். தைத்த பேட் மழைக்காலத்தில் ஒன்றரை நாள் எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு துணி வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம், எடை போடலாம். காய்ந்த செட்டை, அதாவது ராத்திரிக்கு அடுக்கும் பேட்கள் எல்லாவற்றையும் சேர்த்து, சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கழற்றியதும் மறுபடி நிறுங்கள். 160 கிராம் இருந்தது 410 ஆனால், 250 மி.லி. போயிருக்கிறான். அந்த அளவுக்கும் மேல் கால் பங்கு கூடுதலாகப் பிடிக்கும்படி செட் இருக்க வேண்டும். செட் எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்க, குழாயடியில் நன்றாக ஊறவைத்து, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தி, சொட்டுவது நின்றதும் நிறுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமும் ஒரு மி.லி. அழுத்தாமல் நிறுத்தால் மைக்ரோஃபைபர் பொய் சொல்லும். தராசு இல்லாதவர்கள் அளவு டம்ளரில் தண்ணீர் எடுத்து ஊற்றிப் பார்க்கலாம். முனை மளிகைக் கடைத் தராசு இதற்கு வராது, அண்ணாச்சி விட மாட்டார்.

கட்டும்போது பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் இங்கேதான் கை நழுவுகிறது. பையனின் உறுப்பு கீழ்நோக்கி இருக்கட்டும். மேலே பார்த்தபடி இருந்தால் தொப்புள் பக்கம் சட்டை நனையும். எலாஸ்டிக் தொடையின் மேல் அல்ல, ஜட்டி விளிம்பு நிற்கும் அந்த இடுக்கில் உட்கார வேண்டும். காலை வயிற்றுப் பக்கம் மடக்கிப் பாருங்கள், இடைவெளி தெரிந்தால் ஒரு பிரஸ் பட்டன் உள்ளே போடுங்கள். இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இறுக்கம் கூடாது. கடைசியாக விரலை விளிம்பு சுற்றிலும் ஓட்டி, உள்துணியின் நுனி எங்கும் வெளியே வரவில்லை என்று பாருங்கள். ஒரு நூல் அளவு எட்டிப் பார்த்தாலும் அது திரி மாதிரி ஈரத்தை வெளியே கடத்தும். மேலே இறுக்கமான பேன்ட் போட்டாலும் அழுத்தக் கசிவுதான். லூசான ஜப்லா போதும்.

உங்கள் நேரத்தையும் கொஞ்சம் நகர்த்துங்கள். ஒன்பது மணிக்குக் கட்டிப் பால் கொடுத்தால், அடுத்த ஒரு மணி நேரத்திலேயே டயாபரின் பெரும்பங்கு போய்விடும். சாதாரணப் பேட்டோடு பால் கொடுத்துத் தூங்க வைத்து, நீங்கள் படுக்கப் போகும் பத்தரை, பதினொரு மணிக்கு ராத்திரி செட்டை மாற்றுங்கள். ஜீரோ வாட் வெளிச்சத்தில், பேசாமல் மாற்றினால் பெரும்பாலும் எழுந்திருக்க மாட்டான்.

இனி துவைப்பது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்தில் பல வீடுகளில் போர் தண்ணி உப்பும் கடினமும் கலந்தது. அதில் பார் சோப்பைத் தேய்த்தால் நுரை வராமல் வெள்ளைத் திரி திரியாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து வருவது அது. நூலில் ஒட்டிக்கொள்ளும், துணி தண்ணீரை விலக்க ஆரம்பிக்கும். சாஃப்ட்னரின் வேலையே நூலின் மேல் வழுவழுப்பைப் பூசுவதுதான், அதை டயாபருக்கு ஒருபோதும் ஊற்றாதீர்கள். டெட்டாலும் வேண்டாம், மிச்சம் தங்கினால் ஈரத்தில் தோல் எரியும். குளித்த பிறகு தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால், டயாபர் படும் இடத்தை விட்டுத் தடவுங்கள், அல்லது டயாபருக்குள் மெல்லிய மல் துணி ஒன்றை விரியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. பவுடரும் வேண்டாம், மூச்சோடு நுரையீரலுக்குப் போகும்.

ஏற்கெனவே படிந்ததை எடுக்க: பேட்களை மட்டும், நன்றாகச் சுடும் தண்ணீரில், 15 லிட்டர் பக்கெட்டுக்கு ஒரு மேஜைக்கரண்டி வாஷிங் சோடா கரைத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். சமையல் சோடா வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு சோப்பு எதுவும் சேர்க்காமல், நுரை வருவது நிற்கும் வரை அலசுங்கள். நாலைந்து அலசல் ஆகும். கடைசி இரண்டு அலசலாவது மெட்ரோ வாட்டரில் இருக்கட்டும். காய்ந்த பேட்டின் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள்; உடனே இறங்கினால் சரி, முத்தாக உருண்டு நின்றால் இன்னொரு முறை.

தினசரிக்கு: காலையில் கழற்றியதும் வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்து, காற்றோட்டமான கூடையில் போடுங்கள். தண்ணீரில் ஊறப்போட்டு வைக்காதீர்கள், நாற்றம் கூடும். இரண்டு நாளுக்குள் டிடர்ஜென்ட் பவுடர் போட்டுத் துவைத்துவிடுங்கள். விடிகாலை டயாபரில் கொஞ்சம் அமோனியா நெடி அடிப்பது சகஜம். புதிதாகக் கட்டிய பத்தாவது நிமிஷத்திலேயே கண்ணைக் கரித்தால் துணிக்குள் பழைய சிறுநீர் தங்கியிருக்கிறது. வெளிக் கவரின் பி.யூ.எல் துணியைக் கொதிக்கவிடாதீர்கள், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். உள்ளே ஒட்டியிருக்கும் நீர்புகாப் படலம் பிரிந்துவிடும், பிறகு எந்த பேட் வைத்தாலும் ஒழுகும். கவர் நிழலில், பேட் வெயிலில். எண்ணூர்ப் பக்கம் மொட்டை மாடிக் கொடியில் சாம்பல் தூசி படிகிற வீடுகளில் மேலே பழைய மெல்லிய புடவை ஒன்றைப் போர்த்திவிடுங்கள்.

மூன்று ராத்திரி செட் இருந்தால் கோடையில் சமாளிக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறைந்தது ஐந்து செட் வேண்டும். கவர் அத்தனை தேவையில்லை, மூன்று போதும். அரைகுறையாகக் காய்ந்த பேட்டைக் கட்டினால் அன்றைக்கு ராத்திரி கசியும் என்பது மட்டுமல்ல, பூஞ்சைப் புண்ணும் வரலாம்.

ஏ.சி. இல்லாத அறையில் மே, ஜூன் மாதப் புழுக்கத்துக்கு இந்தத் தடிமன் சுமைதான். இடுப்பில் வேர்க்குரு தெரிந்தால் செட்டை மெலிதாக்கி, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒருமுறை மாற்றிவிடுங்கள். காய்ந்திருக்க வேண்டும் என்று இரண்டு கவரை மேலுக்கு மேல் போடாதீர்கள். மலம் கழித்தால் மணி எத்தனையானாலும் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். தொடை இடுக்கில் அடர் சிவப்பாகி, அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொட்டுகள் வந்தாலோ, மூன்று நாளில் சிவப்பு குறையாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை எடுத்துத் தடவிவிடாதீர்கள்.