வழிகாட்டிகள் ஏன் காணாமல் போகிறார்கள்?

கேள்வி: மதுரை கே.கே. நகரில் வசிக்கிறேன். வங்கி, மென்பொருள், ஆசிரியப் பணி எனப் பல துறைகளில் மூத்த நிலையில் உள்ள பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, வேலைக்கு வந்து சில ஆண்டுகளே ஆன பெண்களுக்கு வழிகாட்டும் திட்டம் ஒன்றைத் தொண்டாக நடத்துகிறோம். நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் கூட்டத்தில் உட்கார இடமில்லை. மூன்று மாதத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் மட்டும் மிஞ்சிவிட்டது. வழிகாட்டிகளைக் கேட்டால் நேரமில்லை என்கிறார்கள். மதிப்பூதியம் தரலாமா? அமைப்பாகப் பதிவு செய்தால் ஒழுங்கு வருமா?

பதில்: பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாலும் யாரும் யாரையும் சந்திக்கப் போவதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்கும் எண்ணம் வந்தால் ஒரு தணிக்கையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பதிவு செய்ய வழி சொல்கிறது. உங்கள் இப்போதைய நோய்க்கு அது மருந்தல்ல. மதிப்பூதியமும் வேண்டாம். சிறு தொகை கொடுத்தால், மனமுவந்து வந்தவர்கூட இந்தப் பணத்துக்கு இவ்வளவு வேலையா என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

பன்னிரண்டு பேரும் வழிகாட்டிகள் என்றால், சந்திப்பு நடக்கிறதா என்று கேட்பவர் யார்? உங்கள் கடிதத்தில் அந்த ஆளைத் தேடிப் பார்த்தேன், இல்லை. இரண்டு பேரை வழிகாட்டும் பொறுப்பிலிருந்து விடுவித்து ஒருங்கிணைப்பாளர்களாக ஆக்குங்கள். மேடையில் பேசத் தெரிந்தவரைத் தேட வேண்டாம். கல்யாணப் பந்தியில் யாருக்கு இன்னும் இலை போடவில்லை என்று கவனிக்கும் அத்தை ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அந்தக் குணம் உள்ளவர் போதும். மாதம் ஒருமுறை, வழிகாட்டியும் இளையவருமான ஒவ்வொரு இணையையும் அவர் தொலைபேசியில் அழைக்கட்டும். குழுவில் செய்தி போடுவது இதற்கு ஈடாகாது. கேட்க வேண்டியவை இரண்டே: சந்தித்தீர்களா? அடுத்து எப்போது? என்ன பேசினீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

மீதி பத்து வழிகாட்டிகளுக்கு நாற்பது பேர் என்றால் அதற்குப் பெயர் வகுப்பு. ஒருவருக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். மற்றவர்களை அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் யாரிடமும் 'இல்லை' சொல்லக் கூசுவோம், ஆனால் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

இணை சேர்ப்பதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒவ்வொரு இளையவரையும் ஒரே ஒரு கேள்வியை எழுதித் தரச் சொல்லுங்கள். 'வாழ்வில் முன்னேற வேண்டும்' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'வங்கியில் அதிகாரி பதவி உயர்வுக்கு எழுதலாமா? எழுதினால் வெளியூர் மாற்றல் வரும், குழந்தைக்கு இரண்டு வயது' என்பது கேள்வி. 'கப்பலூர் தொழிற்பேட்டையில் என் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். மேற்பார்வையாளர் ஆனால் ஆண்கள் சொல் கேட்பார்களா' என்பது கேள்வி. முதலாமவருக்கு வங்கியின் பெரிய அதிகாரியைவிட, குழந்தையோடு மாற்றலில் போய் வந்த ஒரு சாதாரண அதிகாரியே பயன்படுவார். பதவியைப் பார்த்து இணை சேர்க்காதீர்கள். ஒரே அலுவலகத்தில் மேலே கீழே இருப்பவர்களைச் சேர்க்கவே கூடாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் வழியாகவே ஆள் சேர்த்தால் ஒரே கல்லூரி, ஒரே சாதி, ஒரே தெரு என்று வட்டம் தானாகச் சுருங்கும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, ஆனாலும் நடக்கும். சொல்லிவிட ஆளில்லாத பெண்ணுக்குத்தான் வழிகாட்டி அதிகம் தேவை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர்களைத் தேடிப்போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலக்கெடு வைக்காததும் ஒரு காரணம். முடிவே இல்லாத வேலைக்கு ஒப்புக்கொள்ள யாருக்கும் பயம். ஆடியில் ஆள் தேர்வும் இணை சேர்ப்பும், ஆவணியில் தொடக்கம், தை பிறக்கும் முன் நிறைவு. மாதம் ஒரு சந்திப்பு. இப்படி வைத்தால் வங்கியின் மார்ச் நெருக்கடி, ஆசிரியர்களின் பொதுத்தேர்வு, சித்திரைத் திருவிழா எதுவும் குறுக்கே வராது. தணிக்கையாளர்களுக்குச் செப்டம்பரில் மூச்சுவிட நேரமிருக்காது; அந்த மாதம் அவர்கள் தொலைபேசியில் பேசினால் போதும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை என்பதால் காலை பத்தரை மணி தோது. 2023இல் திறந்த நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சந்திக்கலாம். நூலகத்துக்குப் போகிறேன் என்றால் எந்த வீட்டிலும் மறுகேள்வி வராது. வெளியூர்ப் பெண்கள் இருட்டும் முன் பேருந்து நிலையத்துக்குத் திரும்பியும் விடலாம்.

முதல் நாளே சில தடைகளைச் சொல்லிவிடுங்கள். கடன், சீட்டு, காப்பீட்டு விற்பனை, வரன் பார்ப்பது நான்கும் கூடாது. சிரிக்காதீர்கள், நல்ல பெண் ஒருத்தியைப் பார்த்ததும் நம் மூத்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தங்கை மகன்தான்.

வழிகாட்டிகளுக்குப் பயிற்சி என்று நீங்கள் ஒன்றே ஒன்று தர முடியுமானால், அது பாலியல் தொல்லை பற்றியதாக இருக்கட்டும். இளையவர் அப்படி ஒன்றைச் சொன்னால் 'கொஞ்சம் பொறுத்துப் பார்' என்று சொல்லக் கூடாது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிகழ்வு நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துப் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால், புகாரை விசாரிக்கும் குழு அந்தக் கெடுவை மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். ஆறுதல் சொல்லியே காலத்தைக் கடத்தினால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். 10 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்கும் சிறிய இடம் என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181. வழிகாட்டி விசாரணை நடத்த வேண்டாம், சமரசமும் பேச வேண்டாம். புகார் தருவதா என்ற முடிவை அந்தப் பெண்ணே எடுக்கட்டும், துணையாகப் போனால் போதும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: நாற்பது பேரையும் தனித்தனியே அழைத்து, இன்னும் விருப்பம் உண்டா என்று கேளுங்கள். பாதிப்பேர் விலகினால் வருந்தாதீர்கள். மிஞ்சுபவர்களிடம் அந்த ஒற்றைக் கேள்வியை எழுதி வாங்குங்கள். பழைய வாட்ஸ்அப் குழுவை மூடிவிடுங்கள்.