பிரான்ஸைவிட ஜெர்மனி ஏன் அதிகக் கார்பனை வெளியிடுகிறது?

இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பணக்கார நாடுகள். அப்படியிருந்தும் ஜெர்மனியில் ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் கார்பன் ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரிய காரணம் கரண்ட்தான். 1973-இல் எண்ணெய் விலை எகிறியதும் பிரான்ஸ் ஆடிப்போனது. சொந்த எண்ணெய் இல்லை, நிலக்கரிச் சுரங்கங்களும் ஓய்ந்துகொண்டிருந்தன. அடுத்த ஆண்டே பிரதமர் பியர் மெஸ்மர் அணு உலைகளை வரிசையாகக் கட்டும் திட்டத்தை அறிவித்தார். பருவநிலையைப் பற்றி அப்போது யார் கவலைப்பட்டார்கள்? இன்று அங்கே சுமார் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம், கார்பனை மிகக் குறைவாகவே வெளியிடும் அணு உலைகளிலிருந்து வருகிறது.

ஜெர்மனிக்கோ காலடியிலேயே பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் வெட்டுகிற அதே ரகம். அணு எதிர்ப்பு இயக்கமும் அங்கே வலுவானது. மிச்சமிருந்த மூன்று உலைகளையும் 2023 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். காற்றாலையும் சோலாரும் பெருகியும் நிலக்கரியை இன்னும் முழுசாக விடமுடியவில்லை.

அப்புறம் குளிர். பிரான்ஸில் நிறைய வீடுகளில் சுவரில் மாட்டிய மின் ஹீட்டர். ஜெர்மனியில் ஏறக்குறைய பாதி வீடுகளைச் சூடாக்குவது எரிவாயு. உருக்கு, ரசாயனம், கார் என்று ஆலைகளும் அங்கேதான் அதிகம்.

சரி, பிரான்ஸ் ரொம்பச் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். அது இறக்குமதி செய்யும் பொருள்களின் புகை, அவற்றைத் தயாரித்த நாட்டின் கணக்கில்தான் ஏறுகிறது.