காஜி நீர்மூழ்கி: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கே: காஜி பாகிஸ்தானே கட்டிய கப்பலா?
ப: இல்லை. 1944 கடைசியில் அமெரிக்காவில் நீரில் இறக்கிய 'டயாப்லோ'தான் அது. 1960களில் குத்தகையாகப் பாகிஸ்தானுக்கு வந்தது. 1965 போரில் நம்மிடம் ஒரு நீர்மூழ்கிகூட இல்லை, நம் முதல் நீர்மூழ்கியான கல்வரி 1967இல்தான் வந்தது.

கே: 65இல் நம் பிரம்மபுத்திரா கப்பலை மூழ்கடித்ததாமே?
ப: பொய். பிரம்மபுத்திரா போருக்குப் பிறகும் ஓடியது.

கே: 71இல் விசாகப்பட்டினத்துக்கு ஏன் வந்தது?
ப: நம் விமானம் தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி. கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றி வங்கக்கடலுக்கு வந்து தங்கிப் போரிடும் அளவு தூரம் ஓடக்கூடியது அப்போது பாகிஸ்தானிடம் காஜி ஒன்றுதான். நவம்பர் 14 புறப்பட்டது. கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டு, பழைய ராஜ்புத் நாசகாரிக் கப்பலிலிருந்து, விக்ராந்த் அனுப்புவது போலவே வானொலிச் செய்திகளை அனுப்ப வைத்தார். எனக்கு இந்த வேலைதான் பெரிது. விமானம் தாங்கிக் கப்பல் தப்பியது இதனால்தான்.

கே: மூழ்கடித்தது ராஜ்புத்தானே? 'தி காஜி அட்டாக்' படத்தில் வேறு மாதிரி வந்ததே.
ப: படத்தை ஆதாரமாகக் கொண்டுவராதீர்கள். டிசம்பர் 3 நள்ளிரவில் துறைமுகத்தை விட்டு வெளியே வந்த ராஜ்புத், கடல்நீர் கலங்குவதைப் பார்த்து இரண்டு டெப்த் சார்ஜ் (நீருக்கடியில் வெடிக்கும் குண்டு) போட்டது. சிறிது நேரத்தில் பெரிய வெடிச்சத்தம் கரை வரை கேட்டது. ராஜ்புத்தான் மூழ்கடித்தது என்பது நம் கடற்படையின் கூற்று. பாகிஸ்தான் சொல்வது, அது தன் கண்ணிவெடியாலோ உள்வெடிப்பாலோ போனது என்று. பேட்டரிக்கு மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது காற்றில் நாலு சதவீதத்தைத் தாண்டினால் ஒரு பொறி போதும் என்று சொல்பவர்களும் உண்டு. முன்பக்கம் சிதறியிருப்பதைப் பார்த்தால் வெடிப்பு உள்ளிருந்துதான் என்று நான் நினைக்கிறேன்.

கே: அப்போ ராஜ்புத் வீரர்களைக் குறைத்துப் பேசுகிறீர்களா?
ப: கிடையாது. எதிரி நீர்மூழ்கி வெளியே காத்திருக்கலாம் என்று தெரிந்தே இருட்டில் ஒரு பழைய கப்பலில் கிளம்பினார்கள். வெடித்தது எதனால் என்ற கேள்வி அந்தத் துணிச்சலைத் தொடவே தொடாது. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

கே: சரி, யார் மூழ்கடித்தது?
ப: மேலே ராஜ்புத் பற்றிய பதிலில் எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

கே: படத்தில் காட்டிய டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் ஆயுதம்) சண்டை?
ப: திரும்பவும் படம். அப்படி ஒரு சண்டை நடக்கவில்லை.

கே: அதே பெயரில் இப்போதுள்ள கல்வரி நீர்மூழ்கியின் டார்பிடோ பற்றி?
ப: என் துறை இல்லை, தெரிந்தவரைக் கேளுங்கள்.

கே: யாராவது பிழைத்தார்களா?
ப: இல்லை. கமாண்டர் ஜாஃபர் முகமது கானோடு 90க்கும் மேற்பட்டவர்கள். மறுநாள் மிதந்து வந்த பொருள்களை முதலில் பார்த்தவர்கள் விசாகப்பட்டின மீனவர்கள். கப்பல் இன்றும் அந்தக் கடலடியில்தான் கிடக்கிறது.