சீனத்துப் பேய் – கடிதம்

வணக்கம்.

நீங்கள் சொன்னீர்களே என்று 1987இல் வந்த ‘எ சைனீஸ் கோஸ்ட் ஸ்டோரி’ என்ற ஹாங்காங் படம் பார்த்தேன். கொஞ்ச நேரம் காமெடி, அப்புறம் காதல், நடுவே தெரு நீளத்துக்கு ஒரு நாக்கு, தாடிக்காரத் தாவோ சாமியார் வேறு வாளைச் சுழற்றிக்கொண்டு பாடுகிறார். எங்கே சிரிப்பது, எங்கே பயப்படுவது என்றே தெரியவில்லை. கடைசியில் காதலர்கள் முகம்கூடப் பார்த்துக்கொள்ளாமல் பிரிந்தது பெரிய ஏமாற்றம். எல்லாவற்றையும் கலக்கப்போய் எதுவுமே முழுசாக வரவில்லையோ?

எஸ்.

அன்புள்ள எஸ்,

எனக்கு அது கலவையாகவே படவில்லை. கதாநாயகனான அந்தக் கடன் வசூல்காரப் பையனுக்கு ஒன்றுமே தெரியாது. சிரிப்பு, பயம், காதல் மூன்றும் அங்கிருந்துதான் வருகின்றன. மழையில் கணக்குப் புத்தகத்தின் மை கரைந்துவிட்டது, வசூல் இல்லை, சத்திரத்துக்குக் காசும் இல்லை, சரி ஓசியில் படுக்கலாம் என்று பாழடைந்த கோயிலைத் தேடிப் போகிறான். கோயில் பேரைச் சொன்னதும் ஊரே வாயடைத்து நிற்கிறது, அதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. அங்கே காய்ந்த பிணங்கள் எழுந்து அவனைப் பிடிக்கக் கை நீட்டுகின்றன. அவன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், திரும்பியே பார்ப்பதில்லை. நாம் சிரிப்பதும் பதறுவதும் ஒரே காரணத்துக்காக. அவனை மயக்க வரும் பெண் பேய் சியு-சின்னுக்கு அவனைக் கொல்ல மனம் வராததும் அந்த வெகுளித்தனத்தால்தான்.

குளியல் தொட்டிக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். அறைக்குள் சியு-சின்னை ஆட்டிவைக்கும் மரப்பேய்க் கிழவி ஆள் வாடை பிடித்து உலாத்துகிறாள், பையன் தொட்டித் தண்ணீருக்குள் மூச்சு முட்டிக் கிடக்கிறான், சியு-சின் முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி வாயோடு வாய் வைத்து அவனுக்கு மூச்சு கொடுக்கிறாள். இதில் முத்தம் எங்கே முடிகிறது, உயிர்ப்பயம் எங்கே தொடங்குகிறது? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

பயம் குறைவாக இருக்கிறது என்றால் அதற்கும் காரணம் உண்டு. இங்கே பேய்க்கே பயம். அவளுடைய அஸ்தி கிழவியின் பிடியில் இருக்கிறது, ஆண்களை மயக்கிக் கூட்டிவருவது அவள் பார்த்தாக வேண்டிய வேலை. அந்தக் கிழவியாக நடித்தது ஓர் ஆண், குரல் ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறி மாறித் தாவும். மோசமான முதலாளியிடம் மாட்டிய எவருக்கும் அந்தக் குரல் கேட்டவுடன் வயிறு கலங்கும்.

நரகத்துக்குள் போய்ச் சண்டை போடும் பகுதி இழுவைதான், அதில் உங்கள் கட்சி. இயக்குநர் சிங் சியு-துங் சண்டைப் பயிற்சியிலிருந்து வந்தவர், கயிற்றில் ஆளைப் பறக்கவிட ஆரம்பித்தால் அவரால் நிறுத்த முடியாது.

ஆனால் கடைசியில் காதலர்கள் பிரிவது அப்படித்தான் இருக்க முடியும். விடிந்துவிட்டது, வெயில் பட்டால் அவள் இல்லை, அவன் பலகையை முட்டுக்கொடுத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறான். திரும்பிப் பார்க்கலாம் என்றால் கை நழுவும். அவளைக் காப்பாற்றும் அந்த வேலையே பார்க்க விடாமல் செய்கிறது.

உங்களுக்குச் சுபமான முடிவுதான் வேண்டும் என்றால் மூலக்கதைக்குப் போங்கள். 1640இல் சீனாவின் ஷான்டோங்கில் பிறந்து, தேர்வு எழுதி எழுதித் தோற்ற பு சொங்லிங் எழுதியது. அவர் செத்து ஐம்பது வருஷம் கழித்து, 1766இல்தான் அச்சானது. அதில் அவன் ஏற்கெனவே கல்யாணமானவன். அவள் எலும்புகளைத் தோண்டி எடுத்துவந்து தன் வீட்டருகே புதைக்கிறான், அவளும் பின்னாலேயே வந்துவிடுகிறாள். அவன் அம்மாவுக்குப் பயம், ராத்திரி வீட்டில் தங்க விடுவதில்லை. அவளோ காலையில் வந்து மாமியாருக்குப் பணிவிடை செய்கிறாள், வீட்டு வேலையெல்லாம் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கிறாள். வந்த புதிதில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், ஆறு மாதம் போனபிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி குடிக்க ஆரம்பிக்கிறாள். அப்புறம் கல்யாணம், பிள்ளை எல்லாம் உண்டு. எனக்கு அந்தக் கஞ்சியே போதும்.