டிவி ஆப்பின் சத்தம் ரிசீவருக்கு வரவில்லை: பதில்

புளூ-ரே பிளேயரின் சத்தம் ரிசீவரில் (ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) நன்றாக வருகிறது, டிவி ஆப்களில் படம் போட்டால் மட்டும் டிவி ஸ்பீக்கரிலேயே கேட்கிறது என்கிறீர்கள். ரிசீவர் பழுதில்லை, கவலை வேண்டாம். ஆப்பின் சத்தம் டிவிக்குள்ளேயே உருவாகிறது. அது ரிசீவருக்குத் திரும்பி வர ஏஆர்சி (ARC) வேண்டும்; அதாவது, டிவியின் சத்தத்தை அதே எச்டிஎம்ஐ கேபிள் வழியே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி.

டிவியின் எச்டிஎம்ஐ துளைகளில் பெரும்பாலும் ஒன்றின் அருகே மட்டும்தான் பொடி எழுத்தில் ‘ஏஆர்சி’ என்றிருக்கும். ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட்டிலிருந்து வரும் கேபிளை அதில் செருகுங்கள். அப்புறம் டிவி, ரிசீவர் இரண்டின் செட்டிங்கிலும் ஏஆர்சியையும் சிஇசியையும் (CEC, எச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் வசதி) ஆன் செய்யுங்கள். பலர் சிஇசியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சத்தம் வந்தும் வெறும் ஸ்டீரியோவாக இருந்தால், டிவியின் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம்மிலிருந்து (டிவியே சத்தத்தைப் பிரித்து அனுப்பும் முறை) பிட்ஸ்ட்ரீமுக்கு (பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் முறை) மாற்றிப் பாருங்கள். ரிசீவரில் ஏஆர்சியே இல்லையென்றால் ஆப்டிகல் கேபிள் போதும்; டால்பி டிஜிட்டல் 5.1 (ஆறு சேனல் சரவுண்ட் சத்தம்) வரை அது தாங்கும்.